மெடல் வாங்காத கோச் - ஹாரி குரோ பக்



முதலாமாண்டில் நம் காலேஜ் வாலிபால் டீம் செலக்‌ஷனுக்கு நானும் போய் நின்றேன். என் உயரம் உங்களுக்கே தெரியும். பத்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். முகம் தொங்கிப்போய் நின்ற என்னை விளையாட்டு ஆசிரியர் கூப்பிட்டு, கையில் ஒரு விசிலையும் பழைய விதிப் புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். இனி கோடு போடுவது, ஸ்கோர் எழுதுவது, விசில் ஊதுவது எல்லாம் என் வேலையாம். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தில்தான் எச்.சி. பக் என்ற பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்துப் புரட்டினேன். அவர் நம்ம ஊர்க்காரர் என்று சொல்லும் அளவுக்கு இங்கேயே வாழ்ந்து உழைத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹாரி குரோ பக் 1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தார். அது சாதாரண இடமல்ல. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891-ல் இரண்டு பழக்கூடைகளை மாட்டிவைத்து, கூடைப்பந்து என்ற புது விளையாட்டை உண்டாக்கியது அங்கேதான். வாலிபாலும் 1895-ல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியரான வில்லியம் மார்கன் கண்டுபிடித்ததே. இன்று நம் தெருமுனையில் இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டி ஆடுகிறோமே, அந்த ஆட்டத்தை நம் நாட்டில் பரப்பியதிலும் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் உலகப்போர் முடிந்த பிறகு பக் சென்னைக்கு வந்தார். அந்தக் காலப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்றால் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் டிரில் மாஸ்டராக வந்து, பையன்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, லெஃப்ட் ரைட் போட வைப்பார்கள். நன்றாக ஓடுகிற நாலு பேருக்குத்தான் மைதானம். மற்றவர்கள் ஓரமாக நின்று கைதட்ட வேண்டியதுதான், என்னை மாதிரி!

பக் நினைத்திருந்தால் ஒரு நல்ல டீமைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து, கோப்பைகளை வாங்கிப் பெயர் எடுத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஒரு டீமுக்குச் சொல்லிக்கொடுத்தால் அந்த டீம் மட்டும் ஆடும். ஓர் ஆசிரியரை உருவாக்கினால் ஒரு பள்ளிக்கூடமே ஆடும். இதுதான் அவர் போட்ட கணக்கு. 1920-ல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய முதல் நிறுவனம் இதுதான் என்று சொல்வார்கள். ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே இருந்தார்கள்.

அங்கே ஆட்டம் மட்டும் கற்றுத்தரவில்லை. உடம்பின் எலும்பு, தசை, மூச்சு எப்படி வேலை செய்கிறது என்று பாடமாகப் படித்தாக வேண்டும். மைதானம் அளப்பது, போட்டி நடத்துவது, நடுவராக நிற்பது, பலவீனமான பையனையும் ஆட்டத்தில் சேர்ப்பது என எல்லாமே பயிற்சி. நமக்குத் தியரியும் ஒர்க்‌ஷாப்பும் இருக்கிற மாதிரிதான்.

பின்னர் அந்தப் பள்ளி சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய பெரிய நிலத்துக்கு இடம் மாறியது. நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் இலங்கை, பர்மாவிலிருந்தும் மாணவர்கள் அங்கே படிக்க வந்தார்கள். படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய் விளையாட்டு ஆசிரியர்கள் ஆனார்கள்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி போக வேண்டியிருந்தது. பக்கும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரன் என்பவரும் பல மாகாணங்களில் விளையாட்டுச் சங்கங்கள் அமைய உழைத்தார்கள். டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடந்து, அதிலிருந்து வீரர்கள் தேர்வானார்கள். நீளம் தாண்டுதலுக்குத் தலீப் சிங், தடை ஓட்டத்துக்கு லட்சுமணன் போன்றோர் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களோடு பாரிஸ் போனவர் பக். மெடல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டமும் அலைச்சலும் வீண்போகவில்லை. 1927-ல் சர் தோராப்ஜி டாடா தலைவராக இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாக அது அடிப்படையாக இருந்தது.

1943-ல் பக் காலமானார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு, தன் வாழ்க்கையின் நல்ல பகுதி முழுவதையும் இந்த மண்ணுக்கே கொடுத்துவிட்டார். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஒருநாள் அந்த வளாகத்துக்குப் போய்ப் பார்த்தேன். மர நிழலில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவர் விசில் ஊத, மற்றவர் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் போட்ட கணக்கு இன்னும் தப்பவில்லை!

நண்பர்களே, இந்தக் கதையை ஏன் நம் மலரில் எழுதுகிறேன்? டிப்ளமோ படித்த நம்மைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எஞ்சினியரும் இல்லை, தொழிலாளியும் இல்லை, நடுவில் நிற்கிறவர்கள் என்பார்கள். எனக்கும் அந்தக் குறை இருந்தது. ஆனால் நடுவில் நிற்கிறவன்தான் வரைபடத்தில் இருப்பதைத் தரையில் கொண்டுவந்து சேர்க்கிறான். பக்கும் அப்படி நடுவில் நின்றவர்தான். ஜெயித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் ஜெயிக்காத லட்சக்கணக்கான பையன்களுக்கு மைதானத்தில் இடம் கிடைத்ததற்கு அவரும் ஒரு காரணம்.

செலக்‌ஷனில் தோற்ற நான் இந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ மேட்ச்சுக்கு விசில் ஊதிவிட்டேன். இந்த வருஷம் டீமில் இல்லாத ஜூனியர்களைச் சேர்த்து, லேப் முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம். உயரம் கேட்க மாட்டோம்!