ஜகதீச சந்திர போஸ்

சென்னைத் துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல், கரைக்குத் தொலைவில் இருக்கும்போதே தன் வருகையை அறிவித்து விடுகிறது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளே செய்தியைச் சுமந்து செல்கின்றன. இராயபுரத்து வீடுகளில் ஒலிக்கும் வானொலியும், எண்ணூர் மீனவர் கையிலுள்ள கைப்பேசியும் அவ்வலைகளாலேயே இயங்குகின்றன. அவ்வலைகளைப் பற்றி உலகம் அறியத் தொடங்கிய காலத்திலேயே, அவற்றை உணரும் கருவிகளை அமைத்துக் காட்டிய பேரறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அலுவலர். ஆங்கிலப் பள்ளியே பெருமை என்று பலரும் எண்ணிய அந்நாளில், அவர் தம் மைந்தரைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே மீனவர் மகனோடு ஒரே வரிசையில் அமர்ந்து போஸ் பயின்றார். பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் கற்று, மருத்துவம் பயில இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றார். அங்கே இராலே பிரபு அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார்.

1885ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கு ஐரோப்பியர்க்கு ஓர் ஊதியமும் இந்தியர்க்கு அதனினும் குறைந்த ஊதியமும் வழங்கும் முறை இருந்தது. போஸ் சினந்து பேசினாரல்லர். பணியை விட்டு விலகினாருமல்லர். நாள்தோறும் செவ்வனே பாடம் நடத்தினார். ஊதியத்தை மட்டும் பெற மறுத்தார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. குடும்பத்தைக் கடன் வருத்திய காலம் அது. 1887இல் அவரை மணந்த அபலா அம்மையார், நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர். கணவரின் வறுமையை அவரும் உடன் தாங்கினார். இறுதியில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழு ஊதியத்தையும் முன்னைய நிலுவையோடு அளித்தது. அதைக் கொண்டு போஸ் தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஒரு சிற்றறையே அவருக்குக் கிடைத்தது. தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைச் செய்வித்துக்கொண்டார். வெளிநாட்டுக் கருவி கிடையாத இடத்தில் முறுக்கிய சணலும் அவருக்கு ஆய்வுக் கருவியாயிற்று. 1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மன்றத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். கண்டவர் வியந்தனர்.

வியப்போடு அவர் நின்றுவிடவில்லை. அளந்து பார்க்கவும் முற்பட்டார். மின்கலத்தையும் கம்பியையும் இணைத்து மின்சுற்று அமைத்தால், மின்னழுத்தம் இருமடங்காகும்போது மின்னோட்டமும் இருமடங்காகும். இது ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட விதி. இதனை வரைபடமாக்கினால் நேர்கோடு கிடைக்கும். போஸ் அலைகளை உணரும் தொடுமுனைகளை மின்சுற்றில் வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும் மின்னோட்டத்தை அளந்தார். கோடு நேராக வரவில்லை, வளைந்தது! மற்றொருவராயின் கருவி பழுதென்று ஒதுக்கியிருப்பர். போஸ் அவ்வளைவையே ஆராய்ந்தார். கலீனா என்னும் காரீயத் தாதின் மேல் கூர்முனையைப் பொருத்தியபோது, அழுத்தம் சிறிது மிகினும் மின்னோட்டம் பெரிதும் மிகுவதைக் கண்டார். ஆகவே, அலை வந்து பட்டதும் சுற்றிலுள்ள அளவியின் முள் அசைந்து அதனை அறிவித்தது. இன்று குறைகடத்தி எனப்படும் பொருள்களின் இனத்தைச் சேர்ந்ததே கலீனா. இக்கால மின்னணுக் கருவிகள் அனைத்தும் அவ்வினப் பொருள்களாலேயே இயங்குகின்றன.

இதனை வணிகமாக்கிப் பொருள் ஈட்டுமாறு செல்வர் ஒருவர் இலண்டனில் அவரை வேண்டினார். அறிவை விலைபேச விரும்பாத போஸ் உடன்படவில்லை. நண்பர் வற்புறுத்தவே, 1901இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904இல் அது கிடைத்தது. எனினும் அவர் அதனால் பயன்கொள்ளாமலே விட்டுவிட்டார். பின்னர்ச் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தினார். 1917ஆம் ஆண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! மின்னியல் கற்க விழைவோர்க்கு ஒரு மின்கலமும், சிறிது கம்பியும், ஒரு சிறு விளக்கும் போதும், தொடங்கலாம். நூலில் கண்டதைக் கையால் செய்து பாருங்கள். செய்ததை அளந்து பாருங்கள். அளவு நூலோடு ஒத்துவராவிடின் சோர்ந்து எழுந்துவிடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். வளைந்த கோட்டைப் பொறுமையுடன் நோக்கியமையாலன்றோ போஸ் புதுமை கண்டார்! குறைந்த கருவியும் நிறைந்த ஊக்கமும் கொண்டு, தன்மானம் குன்றாது வாழ்ந்து காட்டிய அப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு நல்வழி காட்டுவதாகும்.