மஞ்சள் மட்டும் எஞ்சிய கவிஞர்

அர்ஜென்டினாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸில் 1899 ஆகஸ்டு 24ஆம் நாள் பிறந்தவர் ஹோர்ஹே லூயி போர்ஹே. தந்தையாரின் பார்வைக் குறை மகனையும் தொடர்ந்தது. அது ஒரே நாளில் வீழ்ந்த இருள் அன்று. பல்லாண்டுகள் மெல்ல மெல்லக் கவிந்த அந்திப்பொழுது.

இளமையில் அவர் யாப்பை உதறியவர். 1923இல் வெளிவந்த முதல் கவிதைத் தொகுதி, பிறந்த நகரின் தெருக்களையும் முற்றங்களையும் கட்டற்ற நடையில் பாடியது.

1955இல் தேசிய நூலகத்தின் இயக்குநர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அவர் கணக்கில் ஒன்பது லட்சம் நூல்கள். அவற்றின் தலைப்புகளைக்கூட எழுத்துக்கூட்ட இயலாத அளவுக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. அதே பதவியில் முன்பிருந்த ஹோசே மார்மோலும் பால் குரூசாக்கும் பார்வை இழந்தவர்களே. இந்த விந்தையைப் பாடும் கவிதை 1960ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ளது. அதில், நூலகத்தில் நடப்பது தானா, மறைந்த குரூசாக்கா என்று கவிஞர் ஐயுறுகிறார். தெளிந்த கண் இருவரையும் பிரித்துக் காட்டியிருக்கும். மங்கிய கண் ஒருவராக்கியது.

அவருடைய உலகம் இருண்டுவிடவில்லை. கறுப்பும் சிவப்பும் அகன்றன. பசுமையும் நீலமும் தோய்ந்த மூடுபனி சூழ்ந்தது. மஞ்சள் மட்டும் கைவிடவில்லை. சிறுவயதில் விலங்குக்காட்சிச் சாலையில் மெய்மறந்து பார்த்த புலியின் நிறம் அது. 1972இல் வந்த தொகுதிக்குப் ‘புலிகளின் பொன்’ என்றே பெயரிட்டார். எஞ்சிய ஒரு நிறத்திற்குள் இளமை முழுவதையும் மீட்டுக்கொண்டார்.

எழுதிப் பார்த்துத் திருத்தும் வழி அடைபட்டபோது, நடந்துகொண்டே மனத்தில் கவிதை புனைந்து, பிறர் எழுதச் சொல்லலானார். தாயார் லியோனோர் அசெவேடோ 1975இல் 99ஆம் வயதில் மறையும்வரை அவருக்குத் துணையாய் இருந்தார். நினைவில் நிற்க வரிகளுக்குப் பிடிமானம் வேண்டும். அதனால் உதறிய யாப்பு திரும்பி வந்தது. பதினான்கடி கொண்ட சானெட்டுகள் பெருகின. ஆயினும் கட்டற்ற கவிதையை அவர் துறக்கவுமில்லை.

மரபா, புதுமையா என்று வழக்காடும் நமக்கு இவ்வாழ்வு ஒன்றை உணர்த்தும். அவருக்கு யாப்பு கொள்கையன்று, ஊன்றுகோல். குறையே கொடை என்று போற்றிவிடுதல் எளிது. கற்ற நூல்களைத் தம் கண்ணால் மீண்டும் படிக்க இயலாத இழப்பு இறுதிவரை இழப்பே. அவ்விழப்பை மறைக்காமல், எஞ்சியதைக் கொண்டு பாடினார் என்பதே அவர் பெருமை. 1986 ஜூன் 14ஆம் நாள் ஜெனீவாவில் அவர் மறைந்தார்.