வேகத்தை வரைந்த ரெயில்டன்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு லெட்டர் வந்ததும், ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு நம்ம செட்டிலேயே என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூன்றாம் வருஷம் லைப்ரரியில் ஒரு பழைய புத்தகத்தில் படம் பார்த்து நான் மயங்கிப்போன ஒரு காரைப் பற்றியும், அதை வரைந்த மனிதரைப் பற்றியும் எழுதுகிறேன். காரை ஓட்டிய ஜான் காப்பைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். வரைந்த ரீட் ரெயில்டனைத் தெரிந்தவர்கள் குறைவு.

ரெயில்டன் 1895-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்தார். மான்செஸ்டரில் இன்ஜினியரிங் முடித்து, 1917-ல் லேலண்ட் மோட்டார்ஸில் சேர்ந்தார். நம்ம எண்ணூர் அசோக் லேலண்ட் பெயரில் இருக்கிறதே, அதே லேலண்ட்தான். அங்கே தலைமை இன்ஜினியர் பாரி தாமஸ். அவருக்கு உதவியாளராக இருந்துதான் ரெயில்டன் தொழில் கற்றார்.

தாமஸ் டிராயிங் போர்டோடு நிற்கிற ஆள் இல்லை. தானே கார் ஓட்டி 1926-ல் மணிக்கு 171 மைல் வேகத்தில் உலக சாதனை செய்தார். அடுத்த வருஷம் கேம்ப்பெல் அதை முறியடித்தார். விட்டதைப் பிடிக்க 1927 மார்ச் 3 அன்று வேல்ஸில் பெண்டைன் கடற்கரை மணலில் தாமஸ் ஓட்டியபோது கார் புரண்டு, அங்கேயே உயிர் போயிற்று. அப்போது ரெயில்டனுக்கு வயசு 31. தான் நடத்திவந்த சின்ன கார் கம்பெனியை மூடிவிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் தாமஸ் விட்டுப்போன பட்டறையிலேயே வந்து சேர்ந்தார். குருவைப் பலி வாங்கிய அதே வேலையைக் கையில் எடுத்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

மால்கம் கேம்ப்பெல்லின் புளூ பேர்ட் காரை அவர்தான் மாற்றி அமைத்தார். 1935 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவில் பான்னவில் உப்புச் சமவெளியில் அது 301 மைல் ஓடி, 300-ஐத் தாண்டிய முதல் கார் ஆனது.

அடுத்து வந்தவர் காப். ரோமத்தோல் வியாபாரத் தரகர், ஆஜானுபாகு. அவருக்குப் போட்டி ஜார்ஜ் ஈஸ்டன். ஈஸ்டனின் தண்டர்போல்ட் காரில் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் விமானப் பந்தய இன்ஜின்கள். எடை சுமார் 7 டன். ரெயில்டனுக்குக் கிடைத்ததோ முதல் உலகப் போர்க் கால டிசைனான நேப்பியர் லயன் இன்ஜின்கள் இரண்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 2,500 குதிரைத்திறன். பவரைக் கூட்ட வழியில்லை. காற்றின் எதிர்ப்பைக் குறைப்பது ஒன்றுதான் பாக்கி.

இங்கேதான் மனுஷன் விளையாடியிருக்கிறார். ஒரு இன்ஜின் முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. நடுவில் எஸ் வடிவத்தில் வளைந்து போகும் ஒரே முதுகெலும்புச் சட்டம். அதன் இரு வளைவுகளிலும் ஆளுக்கொரு இன்ஜின் சாய்வாக உட்காரும். பின் சக்கரங்கள் முன்னதைவிட நெருக்கமாக இருந்ததால், உடம்பு நீர்த்துளி மாதிரி பின்னால் ஒடுங்கும். டிரைவருக்கு இடம் மூக்கு நுனியில். ரேடியேட்டர் கிடையாது! திறந்த ரேடியேட்டர் காற்றைத் தடுக்கும். ஓட்டமோ சில நிமிஷம்தான். அதற்கு ஒரு தொட்டி நிறைய ஐஸ் போதும் என்று கணக்குப் போட்டார். விதிப்படி எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டம், ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், சராசரிதான் கணக்கு. அதற்குள் டயர் மாற்றி ஐஸ் நிரப்ப வசதியாக, அலுமினிய மேல் ஓட்டை ஒரே துண்டாகத் தூக்கிவிடலாம். தெர்மல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்ததை அவர் புத்தியால் செய்திருக்கிறார்.

1938 செப்டம்பர் 15 அன்று காப் 350 மைல் ஓட்டினார். மறுநாளே ஈஸ்டன் 357 ஓட்டிப் பறித்துக்கொண்டார்! 1939 ஆகஸ்டில் காப் 369 ஓட்டி மீட்டார். அந்த வருஷமே ரெயில்டன் அமெரிக்காவில் குடியேறினார், போரும் வந்தது. போர் முடிந்து 1947 செப்டம்பர் 16 அன்று, அதே காரும் அதே இன்ஜின்களும் சராசரி 394 மைல், அதாவது மணிக்கு சுமார் 634 கிலோமீட்டர். ஒரு திசையில் 400-ஐயும் தாண்டியது. சக்கரத்தை இன்ஜின் சுழற்றும் கார்களில் 1964 வரை அதை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

கதையை இங்கே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காப் அடுத்து நீர் வேக சாதனைக்கு ஆசைப்பட்டார். குருசேடர் என்ற ஜெட் படகு, ரெயில்டனின் யோசனையில் உருவானது. 1952 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 200 மைலைத் தாண்டிய வேகத்தில், அலையில் அடிபட்டு, படகின் முன் அடிப்பாகம் தாங்காமல் மூழ்கிச் சிதறியது. காப் இறந்தார். தரையில் ரெயில்டனின் கார்களிலிருந்து கேம்ப்பெல்லும் காப்பும் ஒவ்வொரு முறையும் உயிரோடு இறங்கியிருக்கிறார்கள். தண்ணீர் ஒரே நாளில் கணக்கைத் தீர்த்துவிட்டது. ரெயில்டன் அதன் பிறகு 25 வருஷம் வாழ்ந்து, 1977-ல் கலிபோர்னியாவில் காலமானார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நான் செக் செய்து கையெழுத்துப் போட்ட டிராயிங்கில் ஒரு வெல்டு அளவு தப்பு. டெஸ்டில் அந்த பிராக்கெட் ஒடிந்து பறந்தது. ஆபரேட்டர் ஒரு அடி தள்ளி நின்றதால் பிழைத்தார். என்னை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி, படத்தில் பார்த்த அந்தக் கார்தான் நினைவுக்கு வந்தது. மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தவர் காப். அவரை அங்கே உட்கார வைத்தது ரெயில்டனின் பென்சில்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். டிராயிங்கின் கீழ் மூலையில் பெயர் எழுதச் சின்னக் கட்டம் இருக்குமே, அதை நிரப்புமுன் ஒரு நிமிஷம், அந்த மெஷின் பக்கத்தில் நிற்கப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மிங்ஹாம் பக்கம் போக வாய்த்தால் அங்குள்ள அறிவியல் மியூசியத்தில் அந்தக் காரையும் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.