குற்றாலத்தில் குளிக்காமல் திரும்பிய காந்தி: அந்தப் பயணத்தைத் தோளில் சுமந்த தக்கர் பாபா யார்?

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலம் பேரருவியில் நிற்க இடம் கிடைக்காது. வரிசையில் நின்று, முறை வந்ததும் தலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். பக்கத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் 1934 ஜனவரியில் நிலைமை அப்படி இல்லை. அந்த மாதம் காந்தி குற்றாலம் வந்தார். அருவிக்கு வந்தவர் குளித்துவிட்டுத்தான் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தலித் மக்கள் அங்கே வந்து குளிக்க முடியாது என்று தெரிந்ததும் காந்தி குளிக்க மறுத்துவிட்டார்.

இந்தக் கதை தென்காசிப் பக்கம் பலருக்கும் தெரியும். தெரியாத பாதி ஒன்று உண்டு. காந்தி சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. தீண்டாமைக்கு எதிராக ஒரு தொண்டு அமைப்பு ஏற்பாடு செய்த நாடு தழுவிய பயணத்தில்தான் அவர் வந்தார். அந்த அமைப்பின் பொதுச் செயலாளர், மக்கள் தக்கர் பாபா என்று அழைத்த அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர்.

யார் இந்த தக்கர் பாபா?

சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தியாகராய நகர் வெங்கடநாராயணா சாலையில் இருக்கும் தக்கர் பாபா வித்யாலயா இவர் பெயரில் உள்ளதுதான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

குஜராத்தின் பாவ்நகரில் 1869 நவம்பர் 29-ல் பிறந்தார். காந்தியைவிட இரண்டு மாதம்தான் இளையவர். குடும்பம் நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழே. நன்றாகப் படித்து, புனா பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1890-ல் இன்ஜினீயராக வெளியே வந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய படிப்பு. ரயில்வே, சமஸ்தான வேலை என்று பல இடங்களில் பணியாற்றினார்.

வேலைக்காகக் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் போனார். மொம்பாசாவில் இருந்து விக்டோரியா ஏரி வரை போடப்பட்ட உகாண்டா ரயில் பாதையில் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தார். அந்தப் பாதையில் வேர்வை சிந்தியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள். இன்றைய பாஷையில் சொன்னால், நல்ல சம்பளத்தில் ஃபாரின் வேலை பார்த்த இன்ஜினீயர் அவர்.

குப்பை ரயில் காட்டிய உலகம்

ஊர் திரும்பியதும் பம்பாய் மாநகராட்சியில் வேலை கிடைத்தது. நகரத்தின் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் சிறு ரயில் பாதை அவர் பொறுப்பில் வந்தது. அந்த வேலைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

குப்பை அள்ளும் தொழிலாளர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அவர் நேரில் பார்த்தார். தாங்கள் அள்ளிக் கொட்டிய குப்பைக்குப் பக்கத்திலேயே அவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. சம்பளம் வரும் நாளில் கடன் கொடுத்தவன் வந்து நிற்பான். வட்டிக்கே பணம் போய்விடும், அசல் அப்படியே இருக்கும்.

அவர் முதலில் செய்தது இரண்டு விஷயங்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கச் செய்தார். கந்துவட்டிக் கடனில் இருந்து மீள்வதற்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைக்க உதவினார். இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். கடன் வாங்கும் இடத்தையே மாற்றிவிட்டால், குறைந்த வட்டியில் வாங்கி, பழைய கடனை அடைத்து, மெல்ல மெல்ல வெளியே வரலாம்.

44 வயதில் ராஜினாமா

பகுதி நேரமாகச் செய்தால் இது தீராது என்று அவருக்குப் புரிந்தது. 1914-ல், 44 வயதில், மாநகராட்சி வேலையை விட்டார். கோபால கிருஷ்ண கோகலே 1905-ல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் முழுநேர ஊழியராகச் சேர்ந்தார். அங்கே சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாழ்க்கைச் செலவுக்கு ஒரு சிறு தொகை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நாட்டில் எங்கே பஞ்சம், எங்கே வெள்ளம் என்றாலும் நிவாரணப் பணிக்கு அவர் பெயர்தான் முதலில் வரும். 1920-ல் ஒரிசாவின் பூரிப் பகுதியில் பஞ்சம் வந்தபோது அங்கே போனார். அடுத்து குஜராத்தின் பஞ்சமஹால் பகுதிப் பஞ்சம். அங்கேதான் பீல் பழங்குடி மக்களை நெருக்கமாகப் பார்த்தார். மழை பொய்த்ததால் மட்டும் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. நல்ல விளைச்சல் வந்த ஆண்டிலும் வட்டிக்காரனுக்கும் சாராயக் கடைக்கும் போனது போக மிச்சம் இருக்காது.

நிவாரணம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. 1922-ல் தாஹோதில் பீல் சேவா மண்டலத்தைத் தொடங்கினார். ஆசிரமப் பள்ளிகள், மருந்தகங்கள், கூட்டுறவு சங்கங்கள் என்று வேலை விரிந்தது. வந்து சேரும் ஊழியர்கள் ஊரிலேயே தங்கி, பல ஆண்டுகள் பணி செய்ய உறுதி தர வேண்டும். வந்தோம், போட்டோ எடுத்தோம், போனோம் என்கிற கதைக்கு அங்கே இடமில்லை.

அப்பா என்று பொருள்படும் குஜராத்திச் சொல்லான பாபா, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

புனா ஒப்பந்தமும் புதிய சங்கமும்

1932 செப்டம்பர் 24-ல் காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையே புனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 30-ல் பம்பாயில் கூடிய கூட்டத்தில் தீண்டாமை ஒழிப்புக்கென அகில இந்திய அமைப்பு உருவானது. அதுவே பின்னர் ஹரிஜன சேவா சங்கம் ஆனது. தலைவர் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா, பொதுச் செயலாளர் தக்கர் பாபா. (ஹரிஜன் என்ற சொல்லைத் தலித் மக்கள் இன்று ஏற்பதில்லை. அமைப்பின் பெயர் என்பதால் மட்டும் இங்கே வருகிறது.)

பிர்லா நன்கொடை திரட்டுவார், காந்தி ஊர் ஊராகப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு மாகாணத்திலும் கிளை அமைப்பது, எந்த ஊரில் பள்ளி, எங்கே விடுதி, எங்கே கிணறு, யாருக்கு உதவித்தொகை என்று முடிவு செய்வது, செலவுக்குக் கணக்குக் கேட்பது எல்லாம் பொதுச் செயலாளரின் வேலை. தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமை வகித்தவர் மதுரை வைத்தியநாத ஐயர். 1939 ஜூலை 8-ல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றவர் அவர்தான்.

12,500 மைல், 8 லட்சம் ரூபாய்

1933 நவம்பரில் வார்தாவில் இருந்து காந்தி கிளம்பினார். ஒன்பது மாதங்களில் சுமார் 12,500 மைல், அதாவது 20,000 கிலோமீட்டர் பயணம். வசூலான தொகை ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய். கூட்டத்தில் பெண்கள் கழற்றிக் கொடுத்த வளையலும் காலணாவும் அரையணாவுமாக வந்த காசும் அதில் உண்டு.

எந்த ஊருக்கு எந்த நாள், எங்கே கூட்டம், எங்கே தங்கல் என்ற திட்டம் தக்கர் பாபாவின் பொறுப்பு. ஒரு சின்னக் கிராமத்தில் இருந்து வந்த காசும் கணக்கில் ஏற வேண்டும். அவரோ மூன்றாம் வகுப்பில் ரயில் பயணம் செய்பவர், அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைப்பவர்.

இந்தப் பயணத்தின் ஒரு நிறுத்தம்தான் குற்றாலம். சங்கம் கிணறு வெட்டலாம், பள்ளி கட்டலாம், உதவித்தொகை தரலாம். ஆனால் அருவி யாரும் காசு போட்டுக் கட்டியதல்ல. மலையில் இருந்து தானாக விழுகிறது. அங்கே தடையாக நின்றது ஏழ்மை அல்ல, உரிமை மறுப்பு. எவ்வளவு நன்கொடை திரட்டினாலும் அந்தத் தடையை நீக்க முடியாது.

பதில் வராத கடிதம்

இதே கேள்வியை குற்றாலத்துக்கு ஒரு வருடம் முன்பே ஒருவர் தக்கர் பாபாவிடம் எழுப்பியிருந்தார். அவர் அம்பேத்கர்.

சங்கத்தின் மத்திய குழுவில் தொடக்கத்தில் அம்பேத்கரும் இருந்தார். 1932 நவம்பரில், மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனுக்குக் கப்பலில் போகும் வழியில், தக்கருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். சாராம்சம் இதுதான்: ஏழைக்கு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்து, நாலு பேரைப் படிக்கவைப்பது ஒரு வழி. அவனை ஒடுக்கும் சூழலையே மாற்றுவது இன்னொரு வழி. சங்கம் இரண்டாவது வழியில் போக வேண்டும். பொதுக் கிணறு, பள்ளி, ஊர்ப் பாதை, வண்டி ஆகியவற்றில் சம உரிமைக்காக ஊர் ஊராகப் போராட வேண்டும். வேலைவாய்ப்பில் உள்ள கதவுகளைத் திறக்க வேண்டும். இந்த வேலைக்கான ஊழியர்களையும் ஒடுக்கப்பட்ட மக்களில் இருந்தே முடிந்தவரை எடுக்க வேண்டும்.

அந்தக் கடிதம் கிடைத்தது என்றுகூட தனக்குப் பதில் வரவில்லை என்று அம்பேத்கர் பின்னர் பதிவு செய்தார். சங்கத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு அத்தோடு முடிந்தது.

சங்கத்தின் நிர்வாகம் சாதி இந்துக்களின் கையில்தான் இருந்தது. தீண்டாமை அவர்கள் செய்த பாவம், பரிகாரமும் அவர்கள்தான் செய்ய வேண்டும் என்பது காந்தியின் வாதம். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் யாருக்காக அமைப்பு நடக்கிறதோ அவர்களுக்கு முடிவெடுக்கும் நாற்காலி இல்லை என்றால், அந்த உதவி எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், எந்தத் திசையிலும் போகலாம்.

தனிக் கிணறு இதற்கு நல்ல உதாரணம். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊரில், சேரியில் தனியாகக் கிணறு வெட்டிக் கொடுத்தால் அன்றைக்கே தாகம் தீரும். குழந்தையோடு காத்திருக்கும் தாய்க்கு அது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், பொதுக் கிணறு பூட்டியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். தக்கர் முதல் பக்கத்தைப் பார்த்தார், அம்பேத்கர் இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார்.

கடைசி ஆண்டுகள்

வயது எழுபதைத் தாண்டிய பிறகும் தக்கர் ஓயவில்லை. 1946-ல் கலவரத்தால் சிதைந்த நவகாளியில் காந்தியோடு வேலை செய்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். அஸ்ஸாம் தவிர்த்த பழங்குடிப் பகுதிகளுக்கான துணைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1948-ல் பழங்குடி மக்களுக்காக பாரதிய ஆதிமஜாதி சேவக் சங்கம் உருவாகவும் அவர்தான் காரணம். 1951 ஜனவரியில், 81 வயதில், பிறந்த ஊரான பாவ்நகரில் காலமானார்.

கடிதம் எழுதியவரும் கடிதம் பெற்றவரும் அந்தச் சபையில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சபை நிறைவேற்றிய அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-வது பிரிவு இன்னும் குறிப்பாகப் பேசுகிறது. கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. குற்றாலத்தில் 1934-ல் இல்லாமல் போன உரிமை அதுதான். அது நன்கொடையாக வரவில்லை, சட்டமாக வந்தது.

அப்படியென்றால் தக்கர் செய்தது வீணா? இல்லை. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நடந்து போகப் படிப்பும், கடன் இல்லாத கையும், தங்கிப் படிக்க ஒரு விடுதியும் வேண்டும். அந்த வேலையை 36 ஆண்டுகள் விடாமல் செய்தவர் அவர்.

தென்காசிக்கு இதில் என்ன?

குற்றாலத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆய்க்குடி. அங்கே 1981-ல் தொடங்கப்பட்டது அமர் சேவா சங்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு, பள்ளி, தொழிற்பயிற்சி என்று சுற்றுவட்டாரக் கிராமங்கள் வரை வேலை செய்கிறது. இதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உதவி தேவைப்பட்டவரே அமைப்பை நடத்துபவர் ஆனார். அம்பேத்கரின் கடிதம் 1932-ல் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

இன்று ஒரு அமைப்புக்கு உதவ வேண்டும் என்றால் ஜிபே-யில் பத்து விநாடி போதும். அனுப்புவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம். கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா? செய்யும் உதவி, கையேந்தும் நிலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? யாருக்காக நடக்கிறதோ அவர்களில் யாராவது நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்களா? முதல் இரண்டுக்கும் தக்கர் பாபாவின் வாழ்க்கையே பாடம். மூன்றாவது, அவருக்கு வந்து பதில் போகாமல் கிடந்த கேள்வி.