பழைய சரக்கில் புதுமை கண்டவர்
கையடக்க விளையாட்டுப் பெட்டி தந்த குன்பெய் யோகோய்

ரெயிலிலும் பஸ்சிலும் சிறுவர்கள் கையில் ஒரு சிறிய பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பார்க்கிறோம். இரண்டு கட்டை விரல்களும் ஓயாமல் பொத்தான்களை அழுத்துகின்றன. திரையில் உருவங்கள் ஓடுகின்றன, தாவுகின்றன, விழுகின்றன.

முன்பு மேஜை மீது இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் மட்டும் ஆடிய விளையாட்டுகளைக்கூட இப்போது கையில் வைத்தே ஆடலாம். 2022-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'ஸ்டீம் டெக்' அப்படிப்பட்ட கருவிதான்.

இந்தக் கருவிகளுக்கு எல்லாம் வழி காட்டியவர், ஜப்பான் நாட்டைச் சேர்ந்த குன்பெய் யோகோய். அவர் பெரிய விஞ்ஞானி அல்ல. ஒரு தொழிற்சாலையில் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தவர்.

சீட்டுக் கம்பெனி

யோகோய், 1941-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந் தேதி கியோட்டோ நகரில் பிறந்தார். அதே நகரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார்.

பெரிய எலெக்ட்ரிக் கம்பெனிகளில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1965-ம் ஆண்டில், உள்ளூரில் இருந்த 'நின்டெண்டோ' கம்பெனியில் சேர்ந்தார்.

இன்று உலகப் புகழ் பெற்ற நின்டெண்டோ, அப்போது சீட்டுக் கட்டு தயாரிக்கும் கம்பெனி. 1889-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகள்தான் அதன் முக்கியச் சரக்கு. சீட்டு செய்யும் யந்திரங்கள் பழுது இல்லாமல் ஓடுகின்றனவா என்று கவனிப்பது யோகோயின் வேலை.

நீளும் கை

யந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் யோகோய்க்கு வேலை இல்லை. பொழுது போவதற்காக, தொழிற்சாலையில் இருந்த கருவிகளைக் கொண்டு ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார்.

கத்தரிக்கோல் போலக் குறுக்கே குறுக்கே சட்டங்களை இணைத்துச் செய்த கை அது. இரண்டு பிடிகளையும் சேர்த்து அழுத்தினால், கை நீண்டு போய், தூரத்தில் உள்ள பொருளைப் பிடிக்கும்.

ஒரு நாள், கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமவுச்சி இதைப் பார்த்துவிட்டார். யோகோயைத் தம் அறைக்கு அழைத்தார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும் என்று பயந்துகொண்டே யோகோய் போனார். ஆனால் அதையே பொம்மையாகச் செய்து விற்கலாம் என்று தலைவர் உத்தரவு போட்டார்.

1966-ம் ஆண்டில் அது 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அதோடு யோகோயின் பழைய வேலையும் போயிற்று. புதுப்புதுப் பொம்மைகளைக் கண்டுபிடிப்பதே அவர் வேலையாயிற்று.

மலிவும் நம்பிக்கையும்

1969-ம் ஆண்டில் 'லவ் டெஸ்டர்' என்ற ஒரு கருவி செய்தார். ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு பிடியை ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். உடல் வழியே மிகச் சிறிய மின்சாரம் ஓடும். முள் நகர்ந்து, அன்பின் அளவைக் காட்டும்!

உண்மையில் அது மின்சாரத்தை அளக்கும் பழைய கருவிதான். ஆனால் இளைஞர்கள் கை கோத்துக்கொள்ள அது ஒரு சாக்கு ஆயிற்று.

மறு ஆண்டு ஒரு பொம்மைத் துப்பாக்கி வந்தது. சூரிய ஒளியில் மின்சாரம் உண்டாக்கும் தகட்டை, யோகோய் அதன் குறியில் பதித்தார். துப்பாக்கியில் இருந்து பாயும் வெளிச்சம் தகட்டில் பட்டால், குறி விழுந்துவிடும்.

இதுதான் யோகோயின் வழி. புதிதாக வந்த பொருளுக்கு விலை அதிகம். அதன் குறைகளும் முழுவதும் தெரியாது. பல ஆண்டு புழக்கத்தில் இருக்கும் பொருள் மலிவானது, நம்பத் தகுந்தது. அதை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

ரெயிலில் கண்ட காட்சி

ஒரு முறை அவர் அதிவேக ரெயிலில் போய்க்கொண்டு இருந்தார். பக்கத்தில் ஒரு ஆபீஸ் உத்தியோகஸ்தர், கணக்குப் போடும் கருவியின் பொத்தான்களைச் சும்மா தட்டிக்கொண்டு இருந்தார். கணக்கு எதுவும் போடவில்லை. அலுப்புத் தீர விளையாடுகிறார்!

பெரியவர்களுக்கும் பொழுது போக வேண்டும். ஆனால் நாலு பேர் முன்னால் விளையாட வெட்கம். இரு கைகளுக்குள் மறைத்துக்கொள்ளும் அளவில் ஒரு விளையாட்டுக் கருவி இருந்தால் என்ன என்று யோகோய் நினைத்தார்.

சில நாட்கள் கழித்துத் தலைவரின் கார் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. யோகோய் காரை ஓட்டினார். போகும் வழியில் பேச்சுவாக்கில் இந்த யோசனையைச் சொன்னார். தலைவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். விரைவிலேயே 'ஷார்ப்' கம்பெனியார் பேச்சு வார்த்தைக்கு வந்தார்கள்.

அந்த நாளில் ஷார்ப், காசியோ கம்பெனிகள் போட்டி போட்டு, கணக்குக் கருவியின் விலையைக் குறைத்திருந்தன. அதனால் அதில் உள்ள சிறு திரை மலிவாகக் கிடைத்தது. அதைக் கொண்டு 1980-ம் ஆண்டில் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. விளையாட்டோடு மணியும் காட்டும். இந்த வரிசையில் மொத்தம் 4 கோடியே 34 லட்சம் கருவிகள் விற்றன.

1982-ம் ஆண்டில், புத்தகம் போல மடிக்கும் கருவி ஒன்று வந்தது. உருவத்தை நகர்த்தக் குச்சி வைத்தால், மூடி மூடாது. அதனால் கூட்டல் குறி வடிவில் தட்டையான ஒரு பொத்தானை யோகோய் அமைத்தார். நான்கு திசைக்கும் ஒரே பொத்தான். ஸ்டீம் டெக் கருவியிலும் இடது கட்டை விரலுக்குக் கீழே அதைக் காணலாம்.

கறுப்பு வெள்ளையின் வெற்றி

அடுத்து வந்தது 'கேம் பாய்'. ஒரே பெட்டியில் பல விளையாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஆடலாம்.

முதலில் செய்த திரையை நேராகப் பார்த்தால்தான் படம் தெரிந்தது. சற்றுச் சாய்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. இதை விற்க முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார். யோகோய் பெருங்கவலை அடைந்தார். பிறகு வேறு வகைத் திரையைப் பொருத்தி நிலைமையைச் சமாளித்தார்.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, 12,500 யென் விலையில் கேம் பாய் வெளிவந்தது. அதில் வண்ணம் இல்லை. திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. இரண்டையும் யோகோய் வேண்டும் என்றே ஒதுக்கினார்.

அப்போது போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரையோடு வந்தன. 'சேகா' கம்பெனியின் கருவி 6 பேட்டரிகளை ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்துவிடும். கேம் பாயில் போட்ட 4 பேட்டரிகள் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தன. பிள்ளைக்கு அடிக்கடி பேட்டரி வாங்கித் தரும் தாய் தந்தையருக்கு எது பிடிக்கும்?

கறுப்பு வெள்ளைப் பெட்டியே வென்றது. பின்னால் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து, 11 கோடியே 86 லட்சம் விற்றது. 1993-ம் ஆண்டில் ரஷிய விண்வெளி வீரர் செரெப்ரோவ், ஒரு கேம் பாயை வானத்துக்கே எடுத்துச் சென்றார்!

தோல்வி

1995-ம் ஆண்டில் யோகோய் 'வர்ச்சுவல் பாய்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதற்குள் முகத்தை வைத்துப் பார்த்தால், படம் ஆழத்தோடு தெரியும். மலிவான சிவப்பு விளக்குகளைக் கொண்டு செய்ததால், எல்லாம் சிவப்பாகவே தெரிந்தது. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று பலர் குறை சொன்னார்கள். 8 லட்சம்கூட விற்கவில்லை. ஒரு வருடத்துக்குள் தயாரிப்பு நின்றது.

மலிவு மட்டும் இருந்தால் போதாது. ஆடுகிறவருக்குச் சுகமாக இருக்க வேண்டும். கேம் பாயில் இருந்த அந்தக் குணம் இதில் இல்லை.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 31 ஆண்டு வேலைக்குப் பிறகு, யோகோய் நின்டெண்டோவில் இருந்து விலகினார். தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது. தனித்தொழில் செய்யும் எண்ணம் தமக்கு முன்பே இருந்தது என்று யோகோய் விளக்கம் சொன்னார்.

சாலையில் முடிந்த வாழ்வு

யோகோய் 'கோட்டோ' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 'பண்டாய்' பொம்மைக் கம்பெனிக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்குவதில் ஈடுபட்டார். மீண்டும் அதே வழி: கறுப்பு வெள்ளைத் திரை, குறைந்த விலை, ஒரே ஒரு பேட்டரி.

அது முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1997-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, அவர் சென்ற கார் நெடுஞ்சாலையில் ஒரு லாரியுடன் மோதியது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். அப்போது பின்னால் வந்த வேறொரு கார் அவர் மீது மோதிவிட்டது. யோகோய் உயிர் இழந்தார். அவருக்கு வயது 56.

1999-ம் ஆண்டு மார்ச் மாதம், 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் அந்தக் கருவி 4,800 யென் விலையில் வெளிவந்தது. அதில் ஆடும் ஒரு விளையாட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

மாறாத கேள்விகள்

2022-ம் ஆண்டில் வந்த ஸ்டீம் டெக் சுமார் 670 கிராம் எடை இருந்தது. அதன் பேட்டரி, ஆடும் விளையாட்டைப் பொறுத்து 2 மணி முதல் 8 மணி நேரம் வரை உழைக்கும் என்று கம்பெனி அறிவித்தது. பெரிய விளையாட்டு என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. விலை என்ன? கை வலிக்காமல் பிடிக்கலாமா? பேட்டரி எத்தனை நேரம் உழைக்கும்?

இந்த மூன்று கேள்விகளையும் முதலில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே வேலையைத் தொடங்கியவர், சீட்டுக் கம்பெனியில் யந்திரம் பார்த்த யோகோய்.