மறதியை அளந்த மனிதர்

ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்துவிட்டு, காலையில் கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் தலைக்குள் எல்லாம் காலியாகிப்போன அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? படிச்சதெல்லாம் எங்கே போச்சு என்று நாம் புலம்புவதோடு சரி. அது எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் போச்சு என்று கணக்குப் போட்டே பார்த்தார் ஒருவர். அவர்தான் ஹெர்மன் எபிங்ஹாஸ்.

ஜெர்மனியின் பார்மன் நகரில், ஒரு வியாபாரியின் மகனாக 1850 ஜனவரி 24-ல் பிறந்தார். 1870-ல் பிரான்சுடன் போர் மூண்டபோது படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்துக்குப் போனார். திரும்பி வந்து 1873-ல் பான் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்திலும் பிரான்சிலும் டியூஷன் எடுத்துப் பிழைப்பு. அந்த நாட்களில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஃபெக்னர் எழுதிய நூல் அவர் கையில் கிடைத்ததாம். வெளிச்சம், எடை போன்றவற்றை மனிதன் உணர்வதைக்கூட அளக்கலாம் என்று காட்டிய நூல் அது. அப்படியென்றால் ஞாபகத்தை ஏன் அளக்கக் கூடாது? பொறி தட்டியது!

சோதனைக்கு ஆள் வேண்டுமே? தானே ஆள்! அர்த்தமுள்ள சொல் என்றால் பழைய ஞாபகம் ஒட்டிக்கொள்ளும் என்று, அர்த்தமே இல்லாத சுமார் 2300 அசைகளை உருவாக்கினார். அவற்றை வரிசையாக அடுக்கி, கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்துக்கு ஏற்ப ஒரே வேகத்தில் வாசித்து மனப்பாடம் செய்தார். சில நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி படித்து, முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறித்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. 31 நாள் கழித்தும் 21! ஆக, மறதி முதலில் வேகமாக இறங்கி, பிறகு மெல்ல நடக்கிறது.

நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றும் கிடைத்தது. ஒரே நாளில் 68 தடவை படித்த பலனை, மூன்று நாளில் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே அடைந்தார். நைட் அவுட் பார்ட்டிகள் கவனிக்கவும்!

1879-80-ல் இந்தச் சோதனைகளைச் செய்தவர், உடனே அச்சுக்கு ஓடவில்லை. 1883-84-ல் மறுபடியும் செய்து பார்த்துவிட்டு, 1885-ல்தான் நூலாக வெளியிட்டார். முடிவை மட்டுமா எழுதினார்? செய்முறை, எண்கள், பிழைக்கு எவ்வளவு இடம், நாளின் எந்த நேரத்தில் படித்தால் தாமதமாகிறது... எல்லாவற்றையும் எழுதினார். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாமே!

1890-ல் ஆர்தர் கோனிக் என்பவருடன் சேர்ந்து உளவியலுக்கென ஓர் ஆய்விதழ் தொடங்கினார். பிறருடைய ஆராய்ச்சிக்கு அப்படி மேடை போட்டவர், தான் வெளியிட்டது மட்டும் குறைவு. அதுவே வினையாகியிருக்கலாம். 1894-ல் பெர்லினில் பேராசிரியர் பதவி கார்ல் ஸ்டம்ப் என்பவருக்குப் போனது. எபிங்ஹாஸ் பிரெஸ்லாவுக்கும், பிறகு 1905-ல் ஹாலே நகருக்கும் போனார். அங்கே 1909 பிப்ரவரி 26-ல் நிமோனியா கண்டு, 59 வயதில் மறைந்தார்.

ஆனால் எண்கள் சாகவில்லை. 2015-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இருவர் அவர் எழுதிவைத்த செய்முறைப்படியே சோதனை செய்தார்கள். கிட்டத்தட்ட அதே வளைகோடு வந்தது! சக நிபுணர்கள் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொன்ன பிறகே கட்டுரையை அச்சேற்றுவது இன்றைய ஆய்விதழ்களின் வழக்கம். அவர் தொடங்கிய இதழும் இன்றும் வருகிறது.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கை அப்படியே இறக்கிய பாவத்தை நானும் செய்தவன்தான். கையெழுத்து கிடைத்தது, மார்க்கும் கிடைத்தது. ஆனால் அந்த ரீடிங்கை இன்னொருவன் செய்து பார்த்தால் வருமா? பதவி கைவிட்டுப் போனாலும், 130 வருஷம் கழித்துச் செய்து பார்த்தும் நிற்கிற ரீடிங் அவருடையது. அடுத்த லேபில் நம்ம ரெக்கார்டில் நம்ம ரீடிங் இருக்கட்டும், தோழர்களே!