மன்னருக்குக் காசு ஈந்த கவிஞர்

பழங்காசு சேர்ப்பதில் எனக்கும் என் வகுப்புத் தோழனுக்கும் தீராத போட்டி. யாரிடம் எண்ணிக்கை மிகுதி என்பதே எங்கள் பேச்சு. அந்நாளில்தான் பெட்ரார்க்கின் வரலாற்றைப் படித்தேன்.

1304ஆம் ஆண்டு இத்தாலியின் அரெசோ நகரில் பிறந்த அவர், தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றார். உள்ளமோ பழைய இலத்தீன் நூல்களையே நாடியது. 1341இல் ரோமாபுரியில் கவிஞராக முடிசூட்டப்பெற்றார். அந்நகரில் திராட்சைத் தோட்டம் கொத்தும் உழவர்கள், மண்ணில் கிடைத்த பழங்காசுகளை அவரிடம் கொண்டு வருவார்கள். சிலர் விற்க வருவார்கள். சிலர் காசிலுள்ள முகம் யாருடையது எனக் கேட்க வருவார்கள்.

1354இல் நான்காம் சார்லஸ் மன்னர் பேரரசராக முடிசூட இத்தாலிக்கு வந்தார். மாந்துவா நகரில் அவரைக் கண்ட பெட்ரார்க், அகஸ்டஸ் முதலிய பேரரசர்களின் உருவம் பொறித்த பொற்காசுகளையும் வெள்ளிக் காசுகளையும் பரிசளித்தார். அம்முன்னோர் வழியில் ஆள வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். மறு ஆண்டு ரோமாபுரியில் முடிசூடிய சார்லஸோ, அங்கே தங்காமல் நாடு திரும்பினார். சீசர் உருவக் காசு ஒன்றை மட்டும் கவிஞருக்கு அனுப்பினார். கவிஞரின் வருத்தம் தீரவில்லை. பேரரசரையே கடிந்து கடிதம் எழுதினார்.

1374இல் அர்க்குவா என்னும் சிற்றூரில் அவர் மறைந்தார்.

படித்து முடித்ததும் என் பெட்டியைத் திறந்தேன். பாதிக் காசுகளில் இருப்பவர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. வெட்கினேன். இப்போது நாங்கள் இருவரும் எண்ணிக்கை பார்ப்பதில்லை. மாலைதோறும் நூலகத்தில் அமர்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் தேடுகிறோம்.